தானாக நிற்கும் குக்கர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் மூவரும் சுகம். அவருடைய மூச்சு இழைப்பு மட்டும் குளிர் விடுகிறவரை யார் பேச்சையும் கேட்காது. உங்கள் விரல் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மேஸ்திரி எப்படி இருக்கிறான்? பார்த்தீர்களா, உங்களை விசாரித்த மூச்சிலேயே உங்கள் கொண்டைக்கிளியையும் விசாரித்துவிட்டேன். கோபமாக இருக்கும்போதுகூட இந்தப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

ஆமாம், கோபம்தான். உங்கள் வீட்டுக்காரம்மா எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களாம். சோறு கரியாகி, குக்கரின் வால்வு உருகி, நாற்றம் கீழ்வீடு வரை போயிருக்கிறது. அவர் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து வந்தால், நீங்கள் கூடத்து நாற்காலியில் கிளிக்கூண்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்களாம். கார்டின் கடைசியில், "பெரியவர் தங்கமானவர்தான். ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வீடு பாத்துக்கச் சொல்லிடுங்கம்மா" என்று எழுதியிருந்தார். இந்தச் சங்கதி எனக்கு ஊரார் எழுதித்தான் தெரியவேண்டுமா?

அண்ணா, காது கேட்காமல் தனியாக இருந்தது போதும். இங்கே சின்ன அறை சும்மாதான் கிடக்கிறது. வந்துவிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் சங்கடம். இவருக்கு இறகுத் தூசி துளியும் ஆகாது. மேஸ்திரியை நல்ல மனிதராகப் பார்த்து யாரிடமாவது கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும். இதை எழுத எனக்கே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன, பத்து மணிக்குமேல் சமாதானத்துக்கு வருகின்றன. மேஸ்திரிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. கொண்டையில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அதிகாரம் வெளுக்கவில்லை. மாப்பிள்ளையின் இழைப்புக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல்.

அன்றைக்கு நடந்தது என் தப்பு. பேப்பர் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஜலதோஷம் வேறு, மூக்கும் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்.

நீ கூப்பிட்டதே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி. ஆனால் வேண்டாம் அம்மா. இருபத்தொன்பது வருஷம் பாட்டில் மூடி அடிக்கிற இயந்திரத்தோடு நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். மிச்சம் இருப்பது இந்த மாடியும் அந்தக் கூண்டும்தான். வாசலில் ஆள் வந்தால் அவன் சிறகடிப்பான், நான் போய்க் கதவைத் திறப்பேன். அவனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வருவதென்றால், காதை இரண்டாவது தடவை கொடுத்த மாதிரி.

ஒரு யோசனை சொல்கிறேன். கீழே வீட்டுக்காரம்மா ரைஸ் குக்கர் வைத்திருக்கிறார். கரண்டில் ஓடுவது. சோறு வெந்ததும் தானாக நின்றுவிடுகிறதாம். அப்படி ஒன்று எனக்கும் இருந்தால் என்னை இங்கேயே விட்டுவைப்பாயா? எது நல்லது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்துச் சொல், அதன்படி கேட்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். இவர் ஆவி பிடிக்கிறார், பிடிக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே பிடிக்கிறார்.

"தானாக நின்றுவிடுகிறதாம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மூன்று சனிக்கிழமை, மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் அலுமினிய உள்பாத்திரம் வைத்தது. மூடி தகரம் மாதிரி ஆடியது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவதில் எவர்சில்வர். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அடியில் சோறு ஒட்டுமாம், ஊறவைத்துச் சுரண்ட வேண்டுமாம். உங்கள் விரல்களை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கடையில் நான்-ஸ்டிக். கறுப்பாக, வழவழவென்று இருக்கிறது. கவிழ்த்தால் சோறு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஒரு துணியால் துடைத்தால் போதும் என்றார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் என் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னால் அவள் பயமுறுத்திவிட்டாள். "ஐயோ, அந்தக் கறுப்புப் பூச்சு விஷம்க்கா. உரிஞ்சு சோத்துல விழும்" என்றாள். எனக்குத் தூக்கம் போச்சு. மறுநாள் எங்கள் டாக்டரிடமே கேட்டேன். அவர் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்தான், ஆனாலும் டாக்டர் டாக்டர்தானே. "தப்பித் தவறி ஒரு துணுக்கு வயித்துக்குள்ள போனாலும் அது ஜீரணமாகாம அப்படியே வெளிய போயிடும். ரைஸ் குக்கர்ல தண்ணி வத்தினதும் அதுவே நின்னுடும், பெருஞ்சூடு ஏறாது. தைரியமா வாங்குங்க" என்றார். அதன்பிறகுதான் வாங்கினேன்.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மரக்கரண்டி உள்ளேயே இருக்கிறது. இரும்புக் கரண்டி கூடவே கூடாது. நைலான் கயிற்றால் நானே கட்டினேன், முடிச்சு இறுக்கம். அறுத்துவிடுங்கள், விரலால் போராடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் நீங்கள் அந்தத் தொழிற்சாலைக்குப் போனதால்தான் நான் கடைசி வகுப்புவரை படித்தேன். இந்த ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். உங்கள் காதுக்கு ஒரு குக்கர் ஈடாகாது. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். அங்கே மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும்.

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. என்ன குக்கர், என்ன குக்கர்! சும்மா சொல்லக்கூடாது. அரிசியும் தண்ணீரும் போட்டு ஒரு தட்டு தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. வெந்ததும் பச்சை விளக்கு எரிகிறது. சோறு பூ மாதிரி உதிர் உதிராக விழுகிறது. பாத்திரம் துடைக்கத் துணியே வேண்டாம் போலிருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன், அவர் முகத்தில் நிம்மதி. இனி வீடு மாறுகிற பேச்சு இல்லை.

என் காதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தக் கணக்கெல்லாம் வைக்காதே. நீ எழுதுகிற எழுத்தை நான் படிக்கிறேன், அதுவே எனக்குக் கேட்கிற மாதிரிதான்.

நீ எனக்காக மூன்று சனிக்கிழமை அலைந்திருக்கிறாய். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ரொம்ப நன்றி அம்மா.

உன் அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தை இவருக்கும் மகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பூ மாதிரி என்ற இடத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இவ்வளவு புகழ்ந்தா எழுதுவாரு உங்க அண்ணன்? கல்யாணத்துல எனக்குக்கூட இவ்வளவு சொல்லலியே" என்கிறார் இவர்.

ஒரு சந்தேகம். பச்சை விளக்கு என்று எழுதியிருந்தீர்களே? நான் கடையில் ஓட்டிப் பார்த்தபோது வேகும்போது சிவப்பு, வெந்தபிறகு மஞ்சள். பச்சை இல்லையே? பார்சலில் பெட்டி மாறிவிட்டதா? கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். ஒரு தம்ளர் அரிசிக்கு எத்தனை தண்ணீர் வைக்கிறீர்கள்? வேறு என்னென்ன செய்து பார்த்தீர்கள்? எல்லாம் விவரமாக எழுதுங்கள், எனக்கு ஆசையாக இருக்கிறது.

மேஸ்திரி புதுச் சாமானை ஏற்றுக்கொண்டானா?

உங்கள் தங்கை


மே 20

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். விரல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. நாங்கள் நலம்.

விளக்கு மஞ்சள்தான். என் கண்ணுக்கு இப்போது பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைக்கிறேன்.

வேறு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தாய். ஒரு வித்தை கண்டுபிடித்திருக்கிறேன். உள்பாத்திரத்தைத் தனியாக எடுத்துக் கேஸ் அடுப்பில் வைத்துவிடுவது. நன்றாகக் காய்ந்து புகை வருகிறவரை விட்டு, பிறகு எண்ணெய் விட்டு வெங்காயத்தைப் போட்டால் ஒட்டாமல் முறுகலாக வரும். அதிலேயே அரிசியைப் போட்டுக் குக்கருக்குள் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே பாத்திரம். தினமும் இப்படித்தான். மேஸ்திரி சமையலறை வாசலில் கூண்டிலிருந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறான்.

நீ கொடுத்த குக்கரால் என் வாழ்க்கையே சுலபமாகிவிட்டது. மறுபடியும் நன்றி.

உன் அண்ணன்


ஜூன் 4
தந்தி

உள்பாத்திரத்தை அடுப்பில் வைக்காதே. அதன் புகை கிளிக்கு எமன். கடிதம் வருகிறது. தங்கை.


ஜூன் 4

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். தந்தி கிடைத்ததா? அந்தப் பாத்திரத்தை இனி அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதே.

இன்று காலை ஒருவர் செருப்புப் பெட்டியில் இரண்டு சின்னக் கிளிகளைக் கொண்டுவந்தார். வரும்போதே இரண்டுக்கும் உயிர் இல்லை. சீட்டில் "கிளி, இரண்டு" என்று நான்தான் எழுதினேன். டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல அடுப்புல என்ன இருந்துச்சு?" கொண்டுவந்தவர் யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், வெறும் தோசைக்கல்லு... நான்-ஸ்டிக்கு... வெச்சுட்டு போன் பேசப் போயிட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பூச்சு வெறுமனே காய்ந்து புகைந்தால், அந்தக் காற்று மனுஷனுக்கு இருமலும் காய்ச்சலும் கொடுப்பதோடு போய்விடுமாம். பறவையின் நுரையீரல் வேறு மாதிரியாம், சில நிமிஷம் தாங்காதாம்.

உன் மே மாதக் கடிதம் என் பையிலேயே இருந்தது. "புகை வருகிறவரை", "தினமும்", "சமையலறை வாசலில்". மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டரிடம் காட்டினேன். "ரைஸ் குக்கருக்குள்ள இருந்தா ஆபத்து இல்லம்மா. அடுப்புல வெறுமனே வெச்சாதான். ஆனா தினமும் வெச்சும் கிளி உயிரோட இருக்குன்னா..." என்று இழுத்தபடி கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

மார்ச் மாதம் அவரிடம் அண்ணனுக்கு என்று கேட்டேனே தவிர, கிளி வளர்க்கிற அண்ணனுக்கு என்று கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அவன்தான் உன் காது என்று எழுதியிருந்தாய். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான்தான் காரணம். மறைக்காமல் எழுது. அவன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? மூச்சு விடும்போது வால் ஆடுகிறதா? உயிரோடு இருக்கிறானா?

தங்கை


ஜூன் 15

அண்ணா,

பதினோரு நாளாகிறது. தினமும் தபால்காரரை வாசலில் மறிக்கிறேன், அவர் இப்போது என்னைக் கண்டால் எதிர்ச் சாரியில் போகிறார். உன் வீட்டுக்காரம்மாவுக்கு எழுதலாம் என்று எடுத்தேன். உன்னை வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிடுமே என்று வைத்துவிட்டேன்.

சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, நான் வருகிறேன். "மூக்குல துணியக் கட்டிக்கிட்டு நானும் வரேன், எனக்கும் அந்தக் கிளியப் பாக்கணும்" என்கிறார் இவர். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அதற்குமுன் ஒரு வரி எழுது.

தங்கை


ஜூன் 17

என் அன்புத் தங்கைக்கு,

முதலில் செய்தி. மேஸ்திரி உயிரோடு இருக்கிறான். இதை எழுதும்போது என் தோளில் உட்கார்ந்து பேனா முனையைக் கொத்த வருகிறான். இறகு சிலிர்க்கவில்லை, வால் ஆடவில்லை. நீ சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் படி.

தந்தி ஆறாம் தேதியே வந்துவிட்டது. தந்தி என்றதும் கீழ்வீட்டார் அத்தனை பேரும் படியேறி வந்துவிட்டார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு. வீட்டுக்காரம்மா வாங்கிப் படித்தார், இரண்டாம் தடவை படித்தார், பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "உங்க தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இனிமேல் வைக்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன் பயம் அன்றே முடிந்திருக்கும், என் மானமும் பிழைத்திருக்கும். நான்கு தடவை அப்படித்தான் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். நீ உன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு எழுதியதைப் படித்தபிறகு இன்னொரு பொய்யை எழுதக் கை வரவில்லை.

அந்தப் பாத்திரத்தை நான் அடுப்பில் வைத்ததே இல்லை. உன் குக்கரையே திறக்கவில்லை, பழையதற்குப் புது வால்வு போட்டு அதிலேயே சமைக்கிறேன். நீ கட்டிய கயிறு, நீ போட்ட முடிச்சு, அப்படியே அலமாரிக்குமேல் இருக்கிறது. பச்சை விளக்கு வீட்டுக்காரம்மாவின் குக்கரில் எரிவது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அந்த வெங்காய வித்தையும் அவர் செய்வதுதான். நீ ஆசையாகக் கேட்டாயே என்று ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து எழுதினேன். உனக்குப் பட்ட நன்றிக்கடனைப் பொய்யால் அடைக்கப் பார்த்தேன், அது உன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது. அவருக்கும் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் பறவை இல்லை, இருந்தாலும் நிறுத்திவிட்டார்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. காது போனதிலிருந்து என் குக்கரின் விசிலை எண்ணுகிறவன் மேஸ்திரிதான். விசில் அடித்தால் கொண்டையைத் தூக்குவான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தடவை தூக்கியதும் நான் எழுந்து அடுப்பை அணைப்பேன். அதற்காகத்தான் கூண்டு சமையலறை வாசலில் இருக்கிறது. நான் கூடத்தில் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. தொழிற்சாலையில் அந்த இரைச்சலில் எங்கள் மேஸ்திரி கையைத் தூக்கித்தான் சைகை காட்டுவார், அதனால்தான் இவனுக்கும் அந்தப் பெயர்.

ஜனவரியில் சோறு கருகிய அன்று நான் பேப்பர் படிக்கவில்லை. அவன் தூங்கிவிட்டான். கழுத்தைத் திருப்பி முதுகில் செருகிக்கொண்டு நல்ல தூக்கம். விசிலுக்கும் அசையவில்லை. வயதாகிவிட்டது, பாவம். நான் அவனையே பார்த்துக்கொண்டு, இன்னும் விசில் வரவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். பழியை நான் போட்டுக்கொண்டேன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் தூங்கினான் என்று அவனைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தொழிற்சாலையிலிருந்து என்னை ஏன் அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். தானாக ஓடித் தானாக நிற்கிற இயந்திரம் வந்தது, பதினேழு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையும் ஆறு மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். உன்னைச் சமாதானப்படுத்தத்தான் ரைஸ் குக்கர் என்று நானே எழுதினேன். அது வந்து இறங்கியதும் கூண்டைப் பார்த்தேன். தானாக நிற்கிற சாமானைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைக்க என்னால் முடியவில்லை. எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்வதா?

படித்தால் உனக்குச் சிரிப்பு வரலாம், கோபம் வரலாம். கிளம்பி வா என்று சொன்னாலும் வருகிறேன். உன்னிடம் பொய் சொன்னவன் இனி நிபந்தனை போட முடியாது.

உன் அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

பதற்றத்தில் இரண்டு கடிதத்தில் உங்களை நீ, வா, போ என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு மறுபடியும் மரியாதை வந்துவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

முதல் இரண்டு வரியைப் படித்ததும் நீங்கள் சொன்னபடியே போய்ச் சாப்பிட்டேன். இரண்டு தட்டு. பிறகு மிச்சத்தைப் படித்தேன். "என் காதுல மூணு மாசமா முழம் முழமா பூ சுத்தியிருக்காரு" என்று கத்தினேன். அழுதேன். கடைசியில் நன்றிதான் மிஞ்சியது. அண்ணா, நீங்கள் பொய் சொன்னதற்கு நன்றி. ஒருவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்து, ஜென்மத்தில் முதல் தடவையாகப் பிள்ளையைப்போல் குதித்திருக்கிறேன். இவர் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் பொய் சொன்னதால கிளி பொழச்சுது. உண்மையே பேசுறவரா இருந்தா செத்திருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இங்கே வா என்று இனிச் சொல்லமாட்டேன். அவன் எண்ண, நீங்கள் அணைக்க, ஒன்பது வருஷம் ஒரு குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். அதைக் கலைக்க நான் யார்? ஆனால் அவன் மறுபடியும் தூங்குவான் அண்ணா. நான் தினமும் பார்க்கிறேன், வயதான பறவைகள் அப்படித்தான். அன்று வால்வு உருகியது, அடுத்த தடவை என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்காக இல்லாவிட்டாலும், தூங்கிவிட்டானே என்கிற பழி அவன்மேல் விழாமல் இருக்கவாவது அந்த முடிச்சை அறுங்கள்.

டிக்கெட்டைத் திருப்பவில்லை. இருபத்தெட்டில் கிளம்புகிறோம். அந்தக் குக்கருக்குப் பொருந்துகிற எவர்சில்வர் உள்பாத்திரம் ஒன்று தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறேன். கறுப்புப் பாத்திரம் குக்கருக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனாலும் அந்தச் செருப்புப் பெட்டி என் கண்ணிலேயே நிற்கிறது. ஒட்டினால் ஒட்டட்டும், தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள், சுரண்ட வேண்டாம். கூண்டு சமையலறைப் பக்கமே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார், ஜன்னலோரம் மாற்றிவிடுவோம்.

வந்ததும் எனக்குச் சோறு போடுங்கள்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாப்பிள்ளை நான்கு நாளும் மூக்கில் துணியோடு இருந்தாலும் ஊருக்குப் போய் இழைப்பு வரவில்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. அந்தத் துணியைப் பார்த்து மேஸ்திரி பயந்ததை நினைத்து இன்னும் சிரிக்கிறேன்.

உன் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் சமைக்கிறேன். ஒட்டத்தான் செய்கிறது. ஊறவைக்க எனக்கு நேரத்துக்கா பஞ்சம்? கறுப்புப் பாத்திரத்தைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். இப்போது அது மேஸ்திரியின் குளியல் தொட்டி. மூன்று சனிக்கிழமை அலைந்து அவனுக்குத் தொட்டி வாங்கியிருக்கிறாய்.

நீங்கள் போன மறுவாரம் ஒரு விஷயம் கவனித்தேன். சோறு வெந்து ஸ்விட்ச் மேலே ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம் வருமே, நீகூடச் சொன்னாயே, அது எனக்குக் கேட்காது. அவனுக்குக் கேட்கிறது. ஜன்னலோரம் இருந்தபடியே கொண்டையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய்ப் பார்த்தால் மஞ்சள் விளக்கு. மூன்று விசில் எண்ணியவனுக்கு இனி ஒரு டக்கோடு வேலை முடிந்தது. பதவி உயர்வு என்று சொல்லி ஒரு சூரியகாந்தி விதை கூடக் கொடுத்தேன்.

இன்று மதியம் அவன் தூங்கிவிட்டான். விளக்கு மஞ்சளாகிவிட்டது, எனக்குத் தெரிகிறது, அவன் கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு அசையாமல் இருக்கிறான். ஜனவரியில் அவனைப் பார்த்த அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தத் தடவை எதுவும் கருகவில்லை, யாரும் படியேறி வரவில்லை. சோறு தன்பாட்டுக்குச் சூடாகக் காத்திருந்தது. என் வேலையைப் பறித்ததிலிருந்து தானாக நிற்கிற சாமானை நான் மனதாரத் திட்டாத நாள் கிடையாது. இன்று முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, அவன் விழிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவனே எழுந்தான். அதன்பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

உன் அண்ணன்